குடம் நிறையும் நேரம்

எந்த ஊருக்குப் போய் "உங்க ஊருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாலும் முதல் பத்து நிமிடத்தில் வருவது ஒரே பட்டியல்தான். சிமெண்ட் ரோடு, பேவர் பிளாக், தெருவிளக்கு, சமுதாயக்கூடம், சுடுகாட்டுக்குப் பாதை, இன்னொரு மேல்நிலைத் தொட்டி. சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க்கரை ஊர்களிலும் இதுதான், விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர்களிலும் இதுதான். மக்கள் யோசிக்காமல் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இதுவரை எது கிடைத்ததோ, எதைக் கேட்டால் கிடைக்கும் என்று பழக்கமோ, அதைக் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலை அப்படியே வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை போட்டு, கிராம சபையில் கையெழுத்து வாங்கிவிட்டால் காகிதத்தில் ஒரு திட்டம் தயாராகிவிடும். பல ஊராட்சிகளில் அப்படித்தான் தயாராகிறது.

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் ஊர்களுக்குத் துணைநிற்பது என் வேலை. ஆணைகளில் எங்களுக்குப் பயிற்றுநர் என்று பெயர். ஊரில் 'திட்டத்து மேடம்' என்பார்கள். இத்தனை ஊர்களில் உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. எது முதலில், யாருக்கு முதலில் என்று ஊர் கூடி முடிவெடுக்கிற இடத்தில்தான் திட்டம் தொடங்குகிறது. அந்த முடிவு சத்தமாகப் பேசுகிறவர் கைக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால், ஊரைப் பற்றிய கணக்கு ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டும். அதுவும் அவர்களே நடந்து, அளந்து, எண்ணி எடுத்த கணக்காக இருக்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் 243-ஜி என்றொரு பிரிவு உண்டு. பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை ஊராட்சிகளுக்கு வழங்க அது வழி செய்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அடுத்த ஆண்டே, 1994-இல் வந்தது. பொறுப்பு வந்த வேகத்தில் பணம் வரவில்லை. பக்கத்துக் கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, லட்சக்கணக்கானவர்களை ஊர்க்கூட்டங்களில் உட்கார வைத்தது. நமக்கு அந்தக் காலம் வர இன்னும் ஏறத்தாழ இருபது வருடம் ஆயிற்று. 14-ஆவது நிதிக்குழுவின் மானியம் 2015 முதல் கிராம ஊராட்சிகளுக்கென்றே வரத் தொடங்கியபோதுதான், ஆண்டுதோறும் ஒவ்வொரு ஊராட்சியும் திட்டம் தயாரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு நாடு முழுக்க வந்தது. 2018-இல் அக்டோபர் 2 தொடங்கி டிசம்பர் முடிய அதை ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள்.

ஊரைக் கணக்கெடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், சாப்பாடு என்று எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னார். 1918-இல் அது புத்தகமாக வந்தது. தூசி, இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இன்றைய விருதுநகர் மாவட்டத்து வடமலாபுரம் எல்லாம் அதில் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, குஜராத்தின் மாதர் வட்டத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, விவசாயி மேல் எவ்வளவு வரிச் சுமை ஏற்றியிருக்கிறார்கள் என்று காட்டினார். அவர் கடைசிக் காலத்தைக் கழித்தது மதுரைக்குத் தெற்கே தே. கல்லுப்பட்டியில். எனக்கு இந்தத் தொழிலில் முதல் பயிற்சி கிடைத்ததும் அதே ஊரில் உள்ள பயிற்சி நிலையத்தில்தான். அவர்கள் எடுத்த கணக்குகளை நான் மரியாதையோடு படித்திருக்கிறேன். ஆனால் அவை நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாங்கள் எடுப்பது அந்த ஊரிலேயே, அந்த ஊர்ப் பள்ளிக்கூட நோட்டிலேயே தங்க வேண்டும்.

நான் ஒரு ஊராட்சிக்குள் நடக்கத் தொடங்குவது கடைசிக் குக்கிராமத்திலிருந்து. ஊராட்சி அலுவலகம் தாய்க்கிராமத்தில் இருக்கும். தலைவர் வீடு, ரேஷன் கடை, நூலகம், பெரிய தொட்டி எல்லாம் அதையொட்டியே இருக்கும். அங்கிருந்து ஆரம்பித்தால் டீ குடித்து, கோயிலைக் காட்டி, புது ரோட்டைக் காட்டி, மதியமாகிவிடும். கடைசி ஊருக்குப் போகும்போது வெயில் ஏறி, கூட வந்தவர்கள் களைத்துப்போய், "அங்க எல்லாம் இதே மாதிரிதான் மேடம்" என்று சொல்லிவிடுவார்கள். அங்கே இதே மாதிரி இருக்கவே இருக்காது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள். அவற்றுக்குள் ஏறத்தாழ 79,000 குக்கிராமங்கள். ஒரு ஊராட்சிக்கு இரண்டு குக்கிராமம் இருக்கும், இன்னொன்றுக்கு இருபது இருக்கும். 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுத்தது. இருபது குக்கிராமம் உள்ள ஊராட்சியில் அந்தப் பணம் எங்கே நின்றுவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் வந்த 'தாய்' திட்டம் குக்கிராமங்களின் எண்ணிக்கையை வைத்து நிதி ஒதுக்கியது. எந்தக் கட்சி கொண்டுவந்தது என்பதைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்கிறேன், அது மிகச் சரியான திருத்தம். ஊராட்சித் திட்டத்திலும் அதே கண் வேண்டும். பட்டியலில் குக்கிராமத்தின் பெயர் இல்லாத எந்த வேலையையும் நான் எழுத விடுவதில்லை. 'ஊராட்சி முழுவதும் தெருவிளக்கு' என்று ஒரு வரி எழுதினால், விளக்கு எங்கே எரியும் என்று எனக்குத் தெரியும்.

நடக்கும்போது கூடவே கொண்டு போவது கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய புலப்படமும் 'அ' பதிவேட்டு நகலும். இவை இல்லாமல் திட்டம் எழுதக் கூடாது என்பது என் கறாரான கருத்து. சமுதாயக்கூடம் கட்ட இடம் காட்டுவார்கள். பதிவேட்டில் பார்த்தால் அது ஓடைப் புறம்போக்காக இருக்கும், அல்லது மேய்ச்சல் புறம்போக்காக இருக்கும். நீர்நிலையில் கட்டடம் எழுப்ப அனுமதி கிடைக்காது. மூன்று வருடம் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டு, எஸ்டிமேட் போட்டு, கடைசியில் 'இடப் பிரச்சினை' என்று ஒரு வரியில் திரும்பி வந்த வேலைகள் ஒவ்வொரு ஒன்றிய அலுவலகத்திலும் குவிந்து கிடக்கின்றன. சர்வே எண்ணை முதலில் பார்த்திருந்தால் அந்த மூன்று வருடமும் வேறு வேலைக்குப் போயிருக்கும்.

காகிதத்துக்குச் சமமாக எனக்கு வேண்டியவர் ஊரில் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர். ஓர் ஊரில் ஊருணிக்குச் சுற்றுச்சுவரும் படித்துறையும் வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஊருணியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நல்ல மழை பெய்த வருடம் அது. ஐப்பசி முடிந்து கார்த்திகையும் பிறந்துவிட்டது, பக்கத்துக் கண்மாய் கலுங்கு தொட்டு நிற்கிறது, ஊருணி மட்டும் வெடித்துக் கிடக்கிறது. நீர்பாய்ச்சிப் பெரியவரை அழைத்துக்கொண்டு ஊருணியிலிருந்து மேட்டைப் பார்த்து நடந்தோம். கொஞ்ச தூரம் சீமைக்கருவேல முள். அதைத் தாண்டி ஒரு பள்ளம் தெரிந்தது, தெருவுக்கு வந்ததும் மறைந்துவிட்டது. பெரியவர் புதிதாகப் போட்ட பேவர் பிளாக் தெருவின் நடுவில் நின்று காலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இந்தா, இதுக்குக் கீழதான் தாயி வரத்துக்கால் கெடக்கு. சின்னப் புள்ளையில இதுல நாங்க அயிரை பிடிச்சிருக்கோம்."

புலப்படத்தை விரித்தோம். அவர் நின்ற இடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வாய்க்கால் புறம்போக்கு போகிறது. தெருவை உயர்த்தித் தளம் போட்டவர்கள் குறுக்கே ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. அந்த ஊருணிக்கு வேண்டியிருந்தது ஒரு சிறுபாலமும், முள் வெட்டி வரத்துக்காலைத் தூர்வாருவதும். சிறுபாலத்துக்கு நிதிக்குழு மானியம், தூர்வார நூறு நாள் வேலை. சுவரையும் படித்துறையையும் அடுத்த வருடப் பக்கத்துக்கு மாற்ற ஊர் ஒத்துக்கொண்டது. சம்மதிக்க வைத்தது பெரியவரின் அந்தக் கால்தான். நான் பேசியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது.

கண்மாய் யாருடையது என்பதையும் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவான கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேலானவை நீர்வளத் துறையுடையவை. ஊருணி ஊராட்சியுடையது. பெரிய கண்மாயின் மடையைச் சரிசெய்ய ஊராட்சித் திட்டத்தில் பணம் ஒதுக்கினால் அது செல்லாது. கோரிக்கையாக எழுதித் துறைக்கு அனுப்ப வேண்டும். ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் தலைவரிடமே கேட்டுப் பழகியிருப்பதால், எது யார் பொறுப்பு என்று பிரித்து எழுதுவதே பாதிச் சண்டையைக் குறைத்துவிடும்.

அடுத்தது தரையில் ஊரை வரைவது. பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்ற பெயரில் 1980-களின் கடைசியிலிருந்து இந்தியாவில் தொண்டு நிறுவனங்கள் வளர்த்த முறை இது. கோலப்பொடி, செங்கல் தூள், அடுப்புக்கரி, வேப்பிலை, கூழாங்கல் போதும். எங்கே வரைவது என்பதைத் தீர்மானிப்பதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். கோயில் முன்னால் நிழலும் இடமும் இருக்கும், எல்லாரும் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அங்கே சிலர் வந்து உட்கார மாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். காலனித் தெருவில் வைத்தால் ஊர்த்தெருக்காரர் வர மாட்டார்கள். பள்ளிக்கூட வளாகம் பொது. அங்கன்வாடி முன்னாலும் பரவாயில்லை. சாதி பற்றி மைக்கில் ஒரு வார்த்தை பேசாமலேயே இடத்தால் ஒரு முடிவை எடுத்துவிடலாம், எடுத்தே ஆக வேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற ஊர்களில் தனித்தொகுதித் தலைவர் தேர்தலே 2006 வரை முறையாக நடக்கவிடப்படவில்லை என்பது இந்தச் சீமையில் யாருக்கும் மறந்துபோகவில்லை.

ஆண்கள் வரைந்தால் ரோட்டிலிருந்து தொடங்குகிறார்கள். பேருந்து நிறுத்தம், கோயில், ஊராட்சி அலுவலகம், பிறகு தெருக்கள். பெண்கள் தண்ணீர்க் குழாயிலிருந்து தொடங்குகிறார்கள். அதனால் இரண்டு குழுவையும் தனித்தனியாக வரையச் சொல்லிப் பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஓர் ஊரில் ஆண்களின் படத்தில் இல்லாத ஒரு பாதை பெண்களின் படத்தில் இருந்தது. கடைசிப் பேருந்தில் இறங்கி, கண்மாய்க்கரையோரம் நடந்து வருகிற ஒற்றையடிப் பாதை. பஞ்சாலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய் இருட்டில் திரும்புகிற பெண்கள் நடப்பது அதில்தான். ஆண்களுக்கு வண்டி இருக்கிறது, அவர்கள் தார்ரோட்டில் சுற்றி வந்துவிடுகிறார்கள். ஊராட்சி கேட்டிருந்த விளக்குகளில் ஒன்றுகூட அந்தப் பாதைக்கு இல்லை. படங்கள் இரண்டையும் பார்த்த பிறகு விளக்குக்கம்பங்களின் வரிசை மாறியது.

இப்போது குடத்துக்கு வருகிறேன். என் தொழிலில் நான் மிகவும் நம்புகிற கருவி அது.

எங்கு போனாலும் இன்னொரு மேல்நிலைத் தொட்டி கேட்பார்கள் என்று சொன்னேன். தொட்டி கட்டப் பெரிய தொகை வேண்டும். அது வர வருடக்கணக்காகும். அதற்குள் ஒன்று செய்து பார்க்கலாம் என்று, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுப்போம். தெருப் பெயர், குழாய், தண்ணீர் விட்ட நேரம், பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடம் நிறைய எவ்வளவு நேரம், தண்ணீர் நின்ற நேரம். அம்மாவின் போனில் கடிகாரம் இருக்கிறது. வேறெதுவும் வேண்டாம். ஒரு வாரம் காலையில் பிள்ளைகள் குழாயடியில் நின்று எழுதினார்கள்.

நான் மனதில் வைத்திருக்கிற ஊரில், தொட்டியை ஒட்டிய தெருவில் குடம் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்துவிட்டது. நடுத்தெருவில் இரண்டு நிமிடத்தைத் தாண்டியது. கிழக்குக் காலனியின் கடைசிக் குழாயில் ஒரு குடத்துக்கு எட்டு நிமிடத்துக்கு மேல். அந்தக் குழாயை நம்பி இருந்தவை பதினேழு வீடுகள். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் நின்றுவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு குடம்கூட வராது என்பதைக் கணக்குத் தெரிந்த யாரும் அந்த நோட்டிலிருந்தே சொல்லிவிடலாம். காலனிப் பெண்கள் மிச்சத் தண்ணீருக்கு வயல் மோட்டார்களுக்குப் போனார்கள். மோட்டார்க்காரர் மனது வைத்தால் தண்ணீர். அவரிடமே கூலிக்குப் போகிறவர்கள் கூலியை உயர்த்திக் கேட்பது எப்படி? தண்ணீர்க் கணக்கு அங்கே போய் முட்டுகிறது.

தொட்டி இயக்குபவர் நல்ல மனிதர். அவரை யாரும் எதுவும் கேட்டதே இல்லை. கேட்டதும் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். தொட்டியிலிருந்து இறங்குவது ஒரே குழாய். அதிலிருந்துதான் எல்லாத் தெருவும். காலனிக்குப் போகும் கிளை கடைசியில் பிரிகிறது. இருந்த ஒரே கேட் வால்வு துருப்பிடித்துத் திருக முடியாமல் கிடந்தது. போதாக்குறைக்கு மேலத்தெருவில் சில வீடுகளில் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சினார்கள். "தொட்டில தண்ணி பத்தாம இல்ல மேடம். கீழ போகவிட மாட்டேங்குறாங்க" என்றார். இரண்டு கேட் வால்வு, காலனிக்குத் தனிக் கிளைக்குழாய், காலையில் முதல் முக்கால் மணி நேரம் காலனிக்கு மட்டும் தண்ணீர் என்று ஓர் ஏற்பாடு. ஒரு புதுத் தொட்டிக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

ஜல் ஜீவன் இயக்கம் 2019-இல் வந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்து வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்த பிறகும் நான் குடத்தை விடவில்லை. குழாய் இருக்கிறதா என்று அரசுப் படிவம் கேட்கிறது. குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

கணக்கு கையில் வந்ததும் வரிசைப்படுத்த வேண்டும். புளியங்கொட்டையை வைத்துச் செய்வோம். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு படம் வரைந்து தரையில் வைத்து, ஆளுக்குப் பத்துக் கொட்டை கொடுத்தால், எது முக்கியமோ அதில் கூடுதலாகப் போடுவார்கள். படிக்கத் தெரியாதவர், பேசக் கூச்சப்படுபவர், மாமனார் முன்னால் வாய் திறக்காத மருமகள், எல்லார் கையிலும் அதே பத்துக் கொட்டை. நூறு நாள் வேலை நடக்கும் கண்மாயில், மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இதைச் செய்வது எனக்குப் பிடித்தது. அங்கே கூடுவதுபோல் ஊர்ப் பெண்கள் வேறெங்கும் கூடுவதில்லை. மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வறுமை ஒழிப்புத் திட்டம் என்று தனியாக ஒன்று தயாரிக்கிறது. அதையும் இந்தத் திட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் சேர்ப்பதில்லை. முதியோர் ஓய்வூதியம் வராதவர், சாதிச் சான்று இல்லாத பிள்ளை, மாற்றுத்திறனாளி அட்டை இல்லாதவர் என்று பெயரோடு இருப்பது அந்தப் பட்டியலில்தான். இவற்றுக்கு ஊராட்சி ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். மனு எழுதி, யார் கையில் கொடுப்பது, யார் பின்தொடர்வது என்று எழுதினால் போதும். என்னைக் கேட்டால் திட்டத்தின் முதல் பக்கம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பணம் எவ்வளவு வரும் என்பதையும் அதே தரையில் எழுதிக் காட்டுவேன். நிதிக்குழு மானியம், மாநில நிதிக்குழு மானியம், வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம். அதற்கு எதிர்ப்பக்கம் கரண்ட் பில், சம்பளம், மோட்டார் ரிப்பேர். இதை முதன்முதலாகப் பார்க்கிற ஊர்க்காரர்கள் முகத்தில் ஒரு வேகம் வரும். "இவ்வளவுதானா?" என்பார்கள் சிலர். "இவ்வளவு வருதா!" என்பார்கள் சிலர். இரண்டும் நல்லதுக்குத்தான். 15-ஆவது நிதிக்குழு தன் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. தலைவர்கள் பலருக்கு அதில் கோபம். ஊருக்கு என்ன வேண்டும் என்று டெல்லியா சொல்வது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கட்டு இல்லாதிருந்தால் வரத்துக்காலும் கேட் வால்வும் சிமெண்ட் ரோட்டிடம் தோற்றுத்தான் போயிருக்கும் என்பதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிராம சபை நாள் வருகிறது. முன்பு குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்று நான்கு. 2022 முதல் மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறு. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்று குறைவெண் வரம்பு. ஆள் சேர்க்க நூறு நாள் வேலைப் பெண்களை அழைத்து வந்து கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் பழக்கம் உண்டு. அவர்கள் கண்மாயில் கொட்டை போட்டு வரிசைப்படுத்தியவர்களாக இருந்தால் அப்படி எழுந்து போக மாட்டார்கள். தாங்கள் சொன்னது அந்தத் தாளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

குடத்தால் கணக்கெடுத்த அந்த ஊரின் தலைவர் ஒரு பெண். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்த பிறகு நடந்த தேர்தலில் வந்தவர். ஆரம்பத்தில் எல்லாக் கேள்விக்கும் அவர் வீட்டுக்காரர்தான் பதில் சொல்வார். நடைக்கும் வரைபடத்துக்கும் அவர் வரவில்லை, தலைவர் வந்தார். அதனால் கிராம சபையில் தண்ணீர் விஷயம் வந்தபோது பதில் சொல்லத் தலைவரைத் தவிர வேறு ஆள் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நோட்டைத் திறந்து தெருத்தெருவாக நிமிடங்களை வாசித்தாள். எட்டு நிமிடம் என்றதும் மேலத்தெருப் பெரியவர் ஒருவர் எழுந்து, "சின்னப் புள்ளைக எழுதுனதெல்லாம் ஒரு கணக்கா?" என்றார். தலைவர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "மாமா, நாளைக்குக் காலையில நீங்களே வாங்க. நானும் வாரேன். நீங்க குடத்தைப் பிடிங்க, நான் மணி பாக்குறேன்."

மறுநாள் அந்தப் பெரியவர் வந்தார். மோட்டார் மாட்டியவர்களில் அவர் மகனும் ஒருவர் என்பதால் கொஞ்சம் முறுக்கோடுதான் வந்தார். நாலாவது நிமிடத்தில் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டி இயக்குபவரைக் கூப்பிட்டு வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டார். தீர்மானம் நிறைவேறியது. மோட்டார்களை எடுக்கச் சொல்லும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் வேதனையாக இருந்த காலம், ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாத காலம். 2016-இல் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடக்கும் வரை தனி அலுவலர்கள். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர்தான். ஒரு அலுவலர் பல ஊராட்சிகளுக்குப் பொறுப்பு. தேர்தல் நடக்காததால் நிதிக்குழு மானியமும் முடங்கியது. முன்பு சொன்ன நாடளாவிய திட்ட இயக்கம் 2018-இல் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். திட்டம் எழுதினோம், கேட்பதற்கு ஆளில்லை. "மேடம், யாரு வீட்டுக் கதவத் தட்டுறது?" என்று கேட்டவர்களுக்கு என்னால் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் மறுபடி பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதைச் சென்னையில் ஒரு நிர்வாகச் செய்தியாகப் படிக்கிறார்கள். குழாயடியில் அதன் பொருளே வேறு.

திட்டம் கடைசியில் கணினிக்குப் போகிறது. 2020 முதல் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வேலையையும் அங்கே இருக்கும் தலைப்புகளில் ஒன்றில் அடக்க வேண்டும். இப்போது ஒன்பது கருப்பொருள்கள் வைத்திருக்கிறார்கள். வறுமை இல்லாத ஊராட்சி, நலமான ஊராட்சி, குழந்தை நேய ஊராட்சி, தண்ணீர் தன்னிறைவு ஊராட்சி என்று போகும். அது அரசுக்கு வேண்டும், ஏற்றிவிடுவோம். ஊருக்கென்று நாங்கள் தனியாக ஒரே ஒரு பெரிய தாள் எழுதி ஊராட்சி அலுவலகத்தின் வெளிச்சுவரில் ஒட்டுகிறோம். முடிந்தது, நடப்பது, நடக்காதது, நடக்காததற்குக் காரணம் என்று நான்கு கட்டம். நான்காவது கட்டத்தை எழுதச் செயலர்கள் தயங்குவார்கள். நான் விடுவதில்லை. காரணம் எழுதாத வேலையை ஊர் மறந்துவிடும், அல்லது தலைவர் தின்றுவிட்டார் என்று பேசும்.

அந்த ஊரில் வால்வும் கிளைக்குழாயும் 'முடிந்தது' கட்டத்தில் இருக்கின்றன. கடைசிக் குழாயில் குடம் இப்போது மூன்று நிமிடத்துக்குள் நிறைகிறது, பிள்ளைகள் இன்னும் மாதம் ஒருமுறை எழுதுகிறார்கள். கண்மாய்க்கரைப் பாதைக்கு விளக்குக் கேட்ட ஊரிலும் பாதிக் கம்பங்கள் நட்டாயிற்று, மீதிக்கு மின்வாரியத்தில் பணம் கட்டியிருக்கிறார்கள். குடத்து ஊரில் நடக்காதது கட்டத்தில் மேலாக இருப்பது காலனியின் மயானப் பாதை. பதிவேட்டில் வண்டிப்பாதை என்றே இருக்கிறது, தரையில் இரண்டு பட்டாக்காரர்களின் வேலிக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் பிணத்தை வயல் சேற்றில் இறங்கித் தூக்கிப் போகிறார்கள். அளந்து தரச் சொல்லி வட்டாட்சியருக்குத் தீர்மான நகல் போயிற்று. நில அளவர் சங்கிலியோடு ஒருநாள் வந்து ஒருபக்கம் கல் ஊன்றியிருக்கிறார், மறுபக்கம் பாக்கி. வேலிக்காரர்களில் ஒருவர் பேசினால் விட்டுக்கொடுப்பார் என்று தலைவரின் வீட்டுக்காரர் சொல்கிறார். பதவிக்காலம் முடிந்த பிறகும் தலைவரும் காலனிப் பெண்கள் நான்கைந்து பேரும் அடுத்த திங்கள் மனுநீதிக்குக் கலெக்டர் ஆபீஸ் போகிறார்கள். புலப்பட நகலைப் பெரிதாக்கி அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.